‘பாஸ் ஆகிறானே, பிறகென்ன?’ என்று பள்ளி கேட்டால்

டெக்சாஸ் மாநிலத்தில் டல்லாஸை ஒட்டிய புறநகர் ஒன்றில் வசிக்கும் தாய் ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன்.

அவருடைய மகனுக்கு எட்டு வயது. அமெரிக்காவிலேயே பிறந்தவன், வீட்டில் தமிழ், அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். கதை சொன்னால் ஒரு வரி விடாமல் திருப்பிச் சொல்வான். டைனோசர்களைப் பற்றி அரை மணி நேரம் மூச்சுவிடாமல் பேசுவான். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் வேறு பிள்ளையாகிவிடுகிறான். சொல்லின் முதல் எழுத்தைப் பார்த்து மீதியை ஊகிக்கிறான். ‘ஹவுஸ்’ என்று இருந்தால் ‘ஹோம்’ என்கிறான். மேல் வரியில் சொல்லிக்கொடுத்த சொல் அடுத்த வரியில் வந்தால் முதன்முறை பார்ப்பதுபோல் நிற்கிறான். தினமும் மாலை ஆறு முதல் ஒன்பது வரை அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பாடங்களை வாசித்துக் காட்டி, எழுதவைத்து, பாஸ் மதிப்பெண்ணான எழுபதுக்குக் கீழே போகாமல் காத்துவருகிறார். இரண்டு ஆண்டுகளாக ஆசிரியர்களிடம் முறையிட்டதற்குக் கிடைத்த பதில்கள்: ‘வீட்டில் வேறு மொழி பேசுவதால் வரும் தாமதம்’, ‘சிறு குழுவில் கூடுதல் பயிற்சி தருகிறோம், வசந்தகாலம் வரை பார்ப்போம்’, ‘பாஸ் ஆகிறானே, பிறகென்ன?’ குழந்தை மருத்துவர் ஏ.டி.எச்.டி. (கவனக் குறைபாடு) இருப்பதாகக் கடிதம் கொடுத்திருக்கிறார். அதைக் காட்டியபோது பள்ளி, ‘504 திட்டம் போதும்’, அதாவது வகுப்பில் சில வசதிகள் மட்டும் போதும், என்றிருக்கிறது. கணவருக்கோ, எச்-1பி விசாவில் இருந்துகொண்டு கிரீன் கார்டுக்குக் காத்திருக்கும்போது பிள்ளையின் பதிவேட்டில் ‘ஸ்பெஷல் எஜுகேஷன்’ என்று ஏறினால் பிற்பாடு வினையாகுமோ என்ற பயம். கோவையிலிருந்து மாமியார், ‘தமிழை நிறுத்திவிட்டு இங்கிலீஷிலேயே பேசுங்கள், சரியாகிவிடும்’ என்கிறார். கடிதத்தின் கடைசி வரியில், மகன் ஒருநாள் இரவு கேட்டதை எழுதியிருக்கிறார்: “அம்மா, நான் மக்கா?”

அன்புள்ள வாசகிக்கு,

டெக்சாஸ் பள்ளி மாவட்டங்களில் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்புகள்) பிள்ளைகளை மதிப்பீடு செய்யும் உளவியலாளராகப் பல ஆண்டுகள் மேசையின் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். அந்த அனுபவத்திலிருந்து முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சற்றுக் கடுமையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இரண்டு ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள், ஆனால் சட்டத்தின் கணக்கில் இன்னும் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. வகுப்பறை வாசலில் நின்று பேசியது, பெற்றோர் சந்திப்பில் கண் கலங்கியது, ஆசிரியரின் செல்பேசிக்கு அனுப்பிய குறுஞ்செய்தி என எதுவும் கெடு எதையும் தொடங்கிவைக்கவில்லை. எழுத்தில், உரியவருக்கு, ‘மதிப்பீடு’ என்ற சொல்லோடு போகும் கோரிக்கைதான் பள்ளியின் கடிகாரத்தை ஓடவைக்கும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

‘பாஸ் ஆகிறான்’ என்பது பதிலே அல்ல

அமெரிக்காவில் மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளின் கல்விக்கான கூட்டாட்சிச் சட்டம் 1975-இல் இயற்றப்பட்டு, 1990-இல் இன்றைய பெயரைப் பெற்று, 2004-இல் பெரிதாகத் திருத்தப்பட்டது. பிள்ளைக்குத் தகுதி உண்டா என்று பார்க்க அது இரண்டே கேள்விகளைத்தான் கேட்கிறது. சட்டம் பட்டியலிடும் 13 வகைக் குறைபாடுகளில் ஒன்றாவது இந்தப் பிள்ளைக்கு இருக்கிறதா? அதன் காரணமாக இவனுக்கென்றே வடிவமைத்த சிறப்புக் கற்பித்தல் தேவைப்படுகிறதா? இரண்டுக்கும் ‘ஆம்’ என்றால் தகுதி உண்டு. ‘வகுப்பில் தோற்றிருக்க வேண்டும்’ என்பது எங்கும் இல்லை. அதற்கு நேர்மாறாக, எந்தப் பாடத்திலும் தோற்காமல் ஆண்டுதோறும் அடுத்த வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கும் பிள்ளைக்கும் தேவை இருந்தால் சேவை உண்டு என்று விதிமுறை வெளிப்படையாகவே சொல்கிறது.

உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. அந்த எழுபதுகள் உங்கள் மகன் வாங்கியவை அல்ல, நீங்கள் வாங்கியவை. மூன்று மணி நேரம் நீங்கள் வாசித்துக் காட்டி, அவன் காதால் கேட்டு எழுதிய வீட்டுப்பாடம் ஆசிரியரின் மேசையில் ‘இந்தப் பிள்ளைக்கு வாசிக்க வருகிறது’ என்ற சாட்சியாகப் போய் அமர்கிறது. உங்கள் உழைப்பைக் குறை சொல்லவில்லை. எந்தத் தாயும் செய்வதுதான். ஆனால் இன்றிலிருந்து வீட்டுப்பாடத் தாளின் மேல் ஓரத்தில் இரண்டு வரி எழுதி அனுப்புங்கள்: ‘முதல் இருபது நிமிடம் தானாகச் செய்தான், மூன்று கேள்விகள் முடித்தான். மீதிக் கேள்விகளை நான் வாசித்துக் காட்டினேன், வாயால் பதில் சொன்னான்.’ அந்தத் தாள்களைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத் தாள்கள் சேர்ந்தால், நான் பார்த்த எந்த மதிப்பெண் அட்டையையும்விட அவை தெளிவாகப் பேசும்.

தமிழைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள்

பள்ளியில் சேர்க்கும்போது ‘வீட்டில் எந்த மொழி பேசுகிறீர்கள்’ என்ற படிவத்தில் தமிழ் என்று எழுதியிருப்பீர்கள். அதைத் தொடர்ந்துதான் உங்கள் மகன் ஆங்கிலம் கற்கும் மாணவர் பட்டியலுக்குப் போயிருப்பான். ஆண்டுதோறும், ஆங்கில அறிவை அளக்கும் டெல்பாஸ் தேர்வும் எழுதியிருப்பான். அந்த முடிவுகளை எடுத்துப் பாருங்கள். கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் என நான்கு பகுதிகளுக்கும் தனித்தனியே நிலை போட்டிருப்பார்கள். மொழிதான் தடை என்றால் நான்கும் ஏறக்குறைய சேர்ந்தே தாழ்ந்திருக்கும். நீங்கள் வர்ணிப்பதுபோலக் கேட்டலும் பேசுதலும் உயரத்திலும், வாசித்தலும் எழுதுதலும் பாதாளத்திலும் இருந்தால், அது மொழி தெரியாத பிள்ளையின் சித்திரமல்ல; மொழி தெரிந்தும் எழுத்தை ஒலியாக மாற்றமுடியாத பிள்ளையின் சித்திரம்.

அவன் வாரக்கடைசித் தமிழ்ப் பள்ளிக்கும் போகிறான் என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிதான் என் கண்ணை இழுத்தது. இரண்டு ஆண்டுகளாகியும் உயிர்மெய் பிடிபடவில்லை, ‘பம்பரம்’ என்பதை ப, ம், ப, ர, ம் என்று ஒவ்வொன்றாகச் சரியாகச் சொல்லிவிட்டு, கடைசியில் ‘என்ன சொல்?’ என்றால் விழிக்கிறான் என்கிறீர்கள். ஆங்கிலத்தின் எழுத்துக்கூட்டல் முரண்கள் தமிழில் கிடையாது. இங்கும் அதே இடத்தில் சறுக்குகிறான் என்றால், ‘இரண்டு மொழிக் குழப்பம்’ என்ற வாதம் நிற்கவில்லை. வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். புத்தகம் வேண்டாம், வாய்ப்பேச்சாகவே: “மரம் என்று சொல்லு. இப்போது ‘ம’ இல்லாமல் சொல்லு.” அவன் வயதில் பெரும்பாலான பிள்ளைகள் சிரித்துக்கொண்டே ‘ரம்’ என்பார்கள். இவன் திணறினால் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இது நோயறிதல் அல்ல. மதிப்பீட்டாளரிடம் சொல்லவேண்டிய தகவல். தமிழ்ப் பள்ளி ஆசிரியையிடம், தான் கண்டதை அரைப் பக்கம் ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். இப்படிப்பட்ட தாளைப் பெற்றோர் கொண்டுவந்து நான் பார்த்தது மிக அரிது. வந்தபோதெல்லாம் அது கூட்டத்தின் போக்கையே மாற்றியிருக்கிறது.

ஆங்கில அறிவுக் குறைவே காரணம் என்றால் தகுதி தரக்கூடாது என்பதும் சட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதை முடிவுசெய்ய வேண்டியது மதிப்பீடு. மதிப்பீட்டையே மறுப்பதற்கான சாக்காக அதைச் சொல்லமுடியாது. முடிந்தவரை பிள்ளையின் தாய்மொழியையும் கணக்கில் கொண்டே சோதிக்கவேண்டும் என்றும் விதி உண்டு. மாமியாரிடம் மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்: தமிழை நிறுத்தினால் வாசிப்பு வராது, பாட்டியோடு பேச்சு மட்டும் போகும்.

கடிதம் எப்படி இருக்கவேண்டும்

பள்ளி முதல்வருக்கும், மாவட்டத்தின் சிறப்புக் கல்வி இயக்குநருக்கும் சேர்த்து அனுப்புங்கள். வகுப்பு ஆசிரியருக்கு மட்டும் போனால் டெக்சாஸ் விதிப்படி கெடு தொடங்காது. மின்னஞ்சலில் அனுப்பினால் தேதி தானாகப் பதிவாகும். தாளாகக் கொடுத்தால் பெற்றுக்கொண்ட தேதியோடு நகலில் கையெழுத்து வாங்குங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். ஆங்கிலத்தில் எழுதப்போகும் அந்தக் கடிதத்தின் சாரம் இவ்வளவே: ‘மூன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகனுக்கு டிஸ்லெக்சியா (வாசிப்புக் குறைபாடு) உள்ளிட்ட கற்றல் குறைபாடும், கவனக் குறைபாடும் இருக்கலாம் என்று சந்தேகிக்கிறேன். சிறப்புக் கல்விக்குத் தகுதி உண்டா என்று அறிய, எல்லாச் சந்தேகப் பகுதிகளிலும் முழுமையான தனிநபர் மதிப்பீடு செய்யுமாறு கோருகிறேன்.’ அதன்கீழ் நான்கைந்து வரிகளில் நீங்கள் கண்ட உண்மைகள்: ஊகித்து வாசிப்பது, மூன்று மணி நேரம், தமிழ்ப் பள்ளி அனுபவம், மருத்துவர் கடிதம். கோபத்தையும் பழைய கதைகளையும் விட்டுவிடுங்கள்.

கடிதம் கிடைத்த 15 பள்ளி நாட்களுக்குள் மாவட்டம் பதில் சொல்லவேண்டும்: மதிப்பீட்டுக்கு ஒப்புதல் படிவம் தரவேண்டும், அல்லது ஏன் மறுக்கிறோம் என்று காரணங்களோடு எழுத்தில் தரவேண்டும். நீங்கள் ஒப்புதலில் கையெழுத்திட்ட பிறகு 45 பள்ளி நாட்களுக்குள் அறிக்கை முடியவேண்டும். பிள்ளை மூன்று நாளோ அதற்கு மேலோ விடுப்பில் இருந்தால் அத்தனை நாள் கூடும். அறிக்கை முடிந்த 30 நாட்களுக்குள், இங்கே எல்லோரும் ‘ஆர்ட் மீட்டிங்’ என்று சொல்லும் தகுதிக் குழுக் கூட்டம் நடக்கவேண்டும். கணக்கிட்டுப் பாருங்கள்: இன்றே அனுப்பினாலும் பல மாதங்கள். ஆண்டின் கடைசிப் பள்ளி நாளுக்கு 35 பள்ளி நாட்களுக்கும் குறைவாக இருக்கும்போது ஒப்புதல் கொடுத்தால், மதிப்பீடு அடுத்த கல்வியாண்டுக்குள் போய்விடும். ‘வசந்தகாலம் வரை பார்ப்போம்’ என்பதன் விலை இதுதான்.

சிறு குழுப் பயிற்சி முடியும்வரை மதிப்பீடு செய்யமுடியாது என்று யாராவது சொன்னால், அது சரியல்ல. அந்தப் பயிற்சி நல்லதே, தொடரட்டும். ஆனால் அதைக் காட்டி மதிப்பீட்டைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது என்று கூட்டாட்சிக் கல்வித் துறையின் சிறப்புக் கல்வி அலுவலகம் 2011 ஜனவரியிலேயே எல்லா மாநிலங்களுக்கும் எழுதிவிட்டது. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம்.

கடிதத்தோடு பள்ளியிடம் இன்னொன்றும் கேளுங்கள். டெக்சாஸில் கிண்டர்கார்டன் முடிவிலும் முதல் வகுப்பிலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் டிஸ்லெக்சியா முன்சோதனை செய்யவேண்டும் என்பது மாநிலச் சட்டம். உங்கள் மகனின் முடிவுகள் ஏதோ ஒரு கோப்பில் இருக்கும். அதன் நகலைப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு.

504 போதுமா?

504 என்பது 1973-ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டத்தின் ஒரு பிரிவு. கூடுதல் நேரம், முன் வரிசை இருக்கை, கேள்வியை வாசித்துக் காட்டுதல் போன்ற வசதிகளுக்கு அது நல்ல கருவி. ஏ.டி.எச்.டி. மட்டும் இருந்து, வாசிப்பு சரளமாக இருக்கும் பிள்ளைக்கு அதுவே போதுமானதாகவும் இருக்கலாம். உங்கள் மகனின் குறை நேரம் போதாதது அல்ல, வாசிக்கத் தெரியாதது. நீந்தத் தெரியாதவனுக்குக் குளத்தில் அரை மணி நேரம் கூடுதலாகக் கொடுத்து என்ன பயன்? அவனுக்கு வேண்டியது, எழுத்தையும் ஒலியையும் படிப்படியாக இணைத்துக் கற்பிக்கும் பயிற்சி. அதைத் தரும் ஆசிரியர், வாரத்துக்கு எத்தனை நிமிடம், ஆண்டு முடிவில் எங்கே வரவேண்டும் என்றெல்லாம் எழுதப்பட்ட ஐ.இ.பி. எனும் தனிநபர் கல்வித் திட்டம். முன்பெல்லாம் டெக்சாஸில் டிஸ்லெக்சியா என்றாலே 504 பக்கம் தள்ளிவிடுவார்கள். 2023-இல் வந்த மாநிலச் சட்டம் அந்த வழக்கத்துக்கு முடிவுகட்டியது. டிஸ்லெக்சியா சந்தேகம் இருந்தால் சிறப்புக் கல்விச் சட்டத்தின் கீழ் முழு மதிப்பீடு செய்யவேண்டும், டிஸ்லெக்சியாவைப் பற்றிப் பயிற்சி பெற்ற ஒருவர் அந்தக் குழுவில் இருக்கவேண்டும்.

மருத்துவர் கடிதத்தைப் பற்றியும் ஒரு திருத்தம். அது இருந்தால் பள்ளி உடனே தகுதி தந்தாகவேண்டும் என்று நினைக்கிறீர்கள். அப்படியில்லை. மருத்துவர் சொல்வது முதல் கேள்விக்கான பதிலின் ஒரு பகுதி. சிறப்புக் கற்பித்தல் தேவையா என்ற இரண்டாவது கேள்விக்குப் பதில் வகுப்பறையிலிருந்துதான் வரும். ஆயிரக்கணக்கான டாலர் செலவழித்துத் தனியாரிடம் சோதித்தாலும் இதே கதைதான்: பள்ளி அதைப் பரிசீலித்தே ஆகவேண்டும், ஏற்றே ஆகவேண்டும் என்பதில்லை. ஆகவே முதலில் பள்ளியின் இலவச மதிப்பீட்டைக் கேளுங்கள். அதன் முடிவில் உடன்பாடு இல்லையென்றால், வெளியார் ஒருவரைக்கொண்டு மாவட்டத்தின் செலவிலேயே சுதந்திரமான மதிப்பீடு கோரலாம்; மாவட்டம் பணம் கொடுக்கவேண்டும், அல்லது தன் மதிப்பீடு சரியானதே என்று விசாரணை அதிகாரியின் முன் நிரூபிக்கவேண்டும். பணத்தை முதலிலேயே கொட்டியவர்கள் பலர் இந்த உரிமையைத் தெரிந்துகொள்வது பிறகுதான்.

உங்கள் கணவரின் பயம்

அவரைக் கோழை என்று நினைக்கவேண்டாம். ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் விசா விதிகளில் உடல்நலம் சார்ந்த செலவுக் கணக்கு உண்டு. அந்தக் கதைகள் நம் வாட்ஸ்அப் குழுக்களில் நாடு மாறிச் சுற்றுகின்றன. அமெரிக்காவில் பள்ளி தரும் சிறப்புக் கல்வியை, அரசுக்குச் சுமையாவாரா என்று பார்க்கும் குடியேற்றக் கணக்கில் சேர்ப்பதில்லை. குடியேற்ற ஆவணம் இல்லை என்பதைக் காரணம் காட்டிக்கூடப் பிள்ளைக்கு அரசுப் பள்ளிக் கல்வியை மறுக்கமுடியாது என்று உச்ச நீதிமன்றம் 1982-இல், அதுவும் டெக்சாஸ் வழக்கொன்றிலேயே, தீர்ப்பளித்திருக்கிறது. பள்ளிப் பதிவேடுகளுக்கு 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. கல்லூரி விண்ணப்பத்தில் இதைச் சொல்லியாகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

அவரிடம் இதையும் சொல்லுங்கள்: மதிப்பீட்டுக்குக் கொடுக்கும் ஒப்புதல் வேறு, சேவைக்குக் கொடுக்கும் ஒப்புதல் வேறு. அறிக்கையைப் படித்துவிட்டு ‘வேண்டாம்’ என்று நீங்கள் நிறுத்திக்கொள்ளலாம். சேவை தொடங்கிய பிறகும் எழுத்தில் தெரிவித்து விலகலாம். சிறப்புக் கல்வி என்றால் தனி அறையில் பூட்டிவைப்பது என்ற பழைய சித்திரமும் மாறவேண்டும். உங்கள் மகனைப் போன்ற பிள்ளைகள் நாளின் பெரும்பகுதியை நண்பர்களோடு அதே வகுப்பில்தான் கழிக்கிறார்கள்.

கூட்டத்தில், அதற்குப் பிறகும்

அறிக்கையைக் கூட்டத்துக்குச் சில நாட்கள் முன்பே கேட்டு வாங்குங்கள். ஐ.க்யூ. எண்ணில் தங்கிவிடாதீர்கள். ஒலியுணர்வு (சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளைப் பிரித்தறிதல்), பொருளற்ற சொற்களை வாசித்தல், வாசிப்பு வேகம், எழுத்துக்கூட்டல், கேட்டுப் புரிதல் ஆகியவற்றின் எண்களை வரிசையாகப் பாருங்கள். கேட்டுப் புரிதல் நன்றாகவும் மற்றவை தாழ்ந்தும் இருந்தால் அதையே பேசுங்கள். கூட்டத்தில் இருவரும் உட்காருங்கள். வேண்டுமென்றால் மொழிபெயர்ப்பாளரை மாவட்டம் ஏற்பாடு செய்யவேண்டும். ‘வாசிப்பு மேம்படும்’ என்பது இலக்கே அல்ல. எந்த நிலைப் பத்தி, நிமிடத்துக்கு எத்தனை சொல், எத்தனை பிழைக்குள், எந்தத் தேதிக்குள் என்று எண்ணாக இருக்கவேண்டும். கொலராடோ சிறுவன் ஒருவனின் வழக்கில் 2017-இல் உச்ச நீதிமன்றம், பெயரளவுக்கான முன்னேற்றம் போதாது, அந்தப் பிள்ளையின் நிலைக்கு ஏற்ற முன்னேற்றத்துக்கு வழிசெய்வதாகத் திட்டம் இருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டது.

உடன்பாடு இல்லையென்றால் அங்கேயே சம்மதித்துக் கையெழுத்திடாதீர்கள். பத்துப் பள்ளி நாட்களுக்கு மிகாமல் ஒத்திவைத்து மீண்டும் கூட உங்களுக்கு வாய்ப்புத் தரவேண்டும். விவரம் கேட்க மாநிலத்தின் ஸ்பெட்டெக்ஸ் தகவல் மையம், பெற்றோருக்குப் பயிற்சி தரும் பார்ட்னர்ஸ் ரிசோர்ஸ் நெட்வொர்க், சட்ட உதவிக்கு டிசெபிலிட்டி ரைட்ஸ் டெக்சாஸ் ஆகியவை இருக்கின்றன. கெடு மீறப்பட்டால் மாநிலக் கல்வி முகமைக்குப் புகார் எழுதலாம். 60 நாட்களில் அவர்கள் முடிவு சொல்லவேண்டும். ஆனால் முதல் கடிதத்திலேயே இதையெல்லாம் மிரட்டலாக எழுதவேண்டாம். ஆசிரியர்களில் பெரும்பாலோர் உங்கள் பக்கம்தான். இந்த மாநிலத்தின் வரலாறுதான் அவர்களுக்குத் தயக்கத்தைப் பழக்கியது. 2004 முதல், சிறப்புக் கல்வி மாணவர் எண்ணிக்கையை 8.5 சதவீதத்துக்குள் வைத்திருக்கும் மாவட்டங்களை மாநிலம் மெச்சிவந்தது. நாட்டின் சராசரியோ அப்போது 13 சதவீதத்தை ஒட்டி இருந்தது. 2016-இல் ஹூஸ்டன் கிரானிக்கிள் நாளிதழ் அதை வெளிக்கொண்டுவந்தது, 2017-இல் மாநிலச் சட்டமன்றமே தடைசெய்தது. விதி போய்விட்டது, ‘கொஞ்சம் பார்ப்போம்’ என்ற நாக்குப் பழக்கம் சில இடங்களில் இன்னும் போகவில்லை.

கடைசியாக, உங்கள் மகன் கேட்ட கேள்வி. ‘சேச்சே, நீ ரொம்பப் புத்திசாலி’ என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடாதீர்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு அது சமாதானம் என்று தெரியும். அவன் கண்டதையே சொல்லுங்கள்: “உனக்குக் கதை நன்றாகப் புரிகிறது. எழுத்தைச் சொல்லாக மாற்றுவதுதான் கஷ்டமாக இருக்கிறது. ஏன் என்று பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் கேட்கப்போகிறோம்.” மதிப்பீட்டு நாளுக்கு முந்தைய இரவு ஒன்றும் படிக்கவைக்காமல் தூங்கவிடுங்கள். காலையில் இதையும் சொல்லி அனுப்புங்கள்: அந்த அறையில் கேள்விகள் எளிதாகத் தொடங்கி, தெரியாத இடம் வரும்வரை கடினமாகிக்கொண்டே போகும், ஒவ்வொரு பிள்ளைக்கும் அப்படித்தான் கேட்பார்கள், தெரியவில்லை என்றால் “தெரியவில்லை” என்று சொல்லிவிடலாம்.